வீட்டு மரத்துப் புளிப்பு ஆப்பிள்: நம்ம சமையலில் எதுக்கெல்லாம் ஆகும்?

கொல்லைப்புறம் | செப்டம்பர் 6, காலை 10.12

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் இருக்கோம். போன வருஷம் வாங்கின வீட்டுக்குப் பின்னாடி ஒரு பெரிய ஆப்பிள் மரம். பிராம்லி ரகம்னு பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னார். காய் ஒவ்வொண்ணும் குழந்தை தலை மாதிரி, பச்சை. கடிச்சா பல் கூசி நாலு நாள் தண்ணி குடிக்க முடியாது.

ரெண்டு வாரமா கூடை கூடையா விழுது. இங்கே எல்லாரும் சர்க்கரையைக் கொட்டி, மேலே மாவைத் தூவி ஓவனில் வெச்சு சாப்பிடறாங்க. அதை எத்தனை நாள் சாப்பிட முடியும்? வீட்டில் ரெண்டு பேருக்கு சர்க்கரை வேற.

இவ்வளவு புளிப்பு இருக்கே, மாங்காய்க்குப் பதிலா போடலாம்னு முந்தாநாள் சாம்பார் வெச்சேன். துவரம்பருப்பு, ரெண்டு ஆப்பிள், மஞ்சள் தூள் எல்லாத்தையும் குக்கரில் ஒண்ணா போட்டு மூடினேன். விசிலே வரல. அப்புறம் ஒரு உறுமல், வெயிட் பக்கமா மஞ்சள் நுரை பீய்ச்சி அடிச்சு கூரை வரைக்கும். திறந்து பார்த்தா ஆப்பிளைக் காணோம், பருப்பு மட்டும் கல்லு மாதிரி முழுசா நிக்குது. என்ன தப்பு பண்ணினேன்? யாராவது இதை உருப்படியா சமைச்சிருக்கீங்களா?

மன்னார்குடி மாமி | செப்டம்பர் 6, பிற்பகல் 1.40

கண்ணா, சிரிச்சுட்டேன், கோச்சுக்காதே. பருப்பு வேகறதுக்கு முன்னாடி புளி சேர்ப்பியா? மாட்டே இல்லியா? புளிப்பு எதுவானாலும் அதே சட்டம்தான். புளித்தண்ணியில் பருப்பு ஜென்மத்துக்கும் மசியாது. பருப்பைத் தனியா குழைய வேகவெச்சு எடுத்துக்கோ.

ரெண்டாவது, ஆப்பிளை குக்கர் பக்கமே கொண்டுபோகாதே. அது நுரைச்சுண்டு எழும்பி ஆவி போற ஓட்டையை அடைச்சுடும். கூரையோட போச்சேன்னு சந்தோஷப்படு.

என் பிள்ளை வீட்டில் பர்மிங்காமில் அஞ்சு மாசம் இருந்தப்போ இந்தக் காயோடதான் மல்லுக்கட்டினேன். வாணலியில் வெந்தயம், மிளகாய், பெருங்காயம் தாளிச்சு, முருங்கைக்காயைப் போட்டு, தண்ணி விட்டு, சாம்பார் பொடி, உப்பு. முருங்கைக்காய் முக்கால் வெந்ததும் தோல் சீவின ஆப்பிள் ஒண்ணரையைத் துண்டு போட்டுச் சேர்த்தா பத்து நிமிஷத்தில் கரைஞ்சு குழம்போட குழம்பாயிடும். அப்புறம் பருப்பு. நாலு பேருக்கு அது போறும், புளியே விட வேண்டாம்.

பச்சமொளகா | செப்டம்பர் 6, பிற்பகல் 3.05

எனக்கு ஒண்ணு புரியல. ஒரு பாக்கெட் புளி வாங்கினா மூணு மாசம் வரும். அதை விட்டுட்டு ஆப்பிளைப் போட்டு சாம்பார்னு சொல்றது எதுக்கு? ஆப்பிள் வாசனை வராதா? ஜூஸ் பிழிஞ்சு குடிச்சுட்டுப் போங்க சார்.

கொல்லைப்புறம் | செப்டம்பர் 6, பிற்பகல் 3.20

மேடம்தான், சார் இல்லை. புளி வாங்கக் காசில்லாம கேட்கல அண்ணா. நாற்பது கிலோ ஆப்பிள் தரையில் கிடக்கு, அதை மண்ணில் போட மனசு வரல, அவ்வளவுதான்.

வேதியியல் வாத்தியார் | செப்டம்பர் 6, இரவு 8.15

பச்சமொளகா கேட்டதில் நியாயம் இருக்கு, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

புளியில் இருப்பது பெரும்பாலும் டார்ட்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக், ஆப்பிளில் மாலிக். மூன்றும் புளிப்புதான், ஆனால் நாக்கில் நடந்துகொள்ளும் விதம் வேறு. எலுமிச்சை சுரீரென்று வந்து போய்விடும். ஆப்பிள் புளிப்பு மெதுவாக ஏறி, சற்று நேரம் தங்கும். புளியின் அந்தக் கருத்த, வெல்லம் கலந்த மாதிரியான மணம் ஆப்பிளில் கிடையாது. ஆகவே வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல் போன்ற, புளிக்காகவே செய்கிறவற்றில் ஆப்பிள் தோற்கும். மாங்காயும் தக்காளியும் புளிக்கிற இடங்களில் நன்றாகவே நிற்கும்.

எல்லாரும் தவறுவது இன்னொரு இடத்தில். புளிப்பு ஆப்பிளை மாங்காயின் தம்பி என்று நினைத்துவிடுகிறோம். மாங்காய்த் துண்டு கொதித்தாலும் துண்டாகவே இருக்கும். பிராம்லி அப்படி அல்ல, சூடு பட்டதும் செல்கள் பிரிந்து பஞ்சாகப் பொங்கிவிடும். இங்கிலாந்தில் அந்த ரகம் பேர் வாங்கியதே அந்தக் குணத்துக்காகத்தான். எனவே அதைக் காயாக நினைக்காமல் கரைசலாக நினையுங்கள். புளித்தண்ணீர் என்ன வேலை செய்யுமோ அந்த வேலை, கூடவே கொஞ்சம் கெட்டித்தன்மை. துண்டாகவே வேண்டுமென்றால் கிரானி ஸ்மித் மாதிரி இறுகிய ரகம் வேண்டும். அல்லது பிராம்லியைத் தோலோடு பெரிய பெரிய துண்டாக நறுக்கி, கொதிக்கிற குழம்பில் கடைசியில் போட்டு, மூன்று நிமிடத்தில் அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும்.

இன்னொன்று. பறித்த காயைச் சேமித்து வைத்தால் நாளாக ஆக மாலிக் அமிலம் குறையும், இனிப்பு தூக்கலாகத் தெரியும். செப்டம்பரில் ஒன்றரை ஆப்பிள் போட்ட குழம்புக்கு ஜனவரியில் இரண்டரை பிடிக்கும். அளவை எழுதி வைத்துக்கொண்டு அப்படியே பின்பற்றாதீர்கள், ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பருத்தித்துறை | செப்டம்பர் 6, இரவு 10.50

நாங்கள் லண்டனுக்கு வந்து முப்பது வருசம். எங்கட வீட்டிலயும் இந்த மரம்தான் நிக்குது. ஏன் எல்லாரும் அவிக்கிறதைப் பற்றியே கதைக்கிறியள்? பச்சையா சாப்பிட்டுப் பாருங்கோ.

மாங்காய்ச் சம்பல் மாதிரி: ஆப்பிளைத் தோலோட துருவி, உடனே உப்புப் பிரட்டுங்கோ, இல்லாட்டிக் கறுத்துப் போகும். அஞ்சு நிமிசத்தால தண்ணி விடும், கையால நல்லாப் பிழிஞ்சு எடுங்கோ. அந்தத் தண்ணியை ஊத்தாதேங்கோ, அது தேங்காய்ப்பால் சொதிக்கு. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ போட்டுக் கையாலயே பிசையுங்கோ. கரண்டியால கலந்தா அந்த ருசி வராது. சோறும் பருப்பும் இதுவும் இருந்தாக் காணும்.

சொதிக்குச் சொன்னனே, பிழிஞ்ச தண்ணியை இறக்கின பிறகுதான் விட வேணும். தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) விடுற மாதிரி. அடுப்பில இருக்கேக்க விட்டால் தேங்காய்ப்பால் திரிஞ்சு போடும்.

மீன் குழம்புக்கும் நல்லது. கானாங்கெளுத்தி இங்க மலிவு. மீன் முக்கால்வாசி அவிஞ்ச பிறகு ஆப்பிள் துண்டு, பிறகு சட்டியைத் தூக்கிச் சுழட்டுறதுதான், கரண்டி போடக் கூடாது.

கொடை மேகம் | செப்டம்பர் 7, காலை 7.30

ஆப்பிள்னா இங்கிலாந்து, காஷ்மீர்னே பேசறீங்க. கொடைக்கானலிலும் வீட்டுக்கு வீடு இருந்துச்சு. இப்ப குறைஞ்சுபோச்சு. பார்லின்ஸ் பியூட்டின்னு ஒரு ரகம் மலைக்கு ஒத்து வரும். அதிலிருந்து தேர்ந்தெடுத்து இங்கே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேகேஎல் 1-ன்னு ஒரு ரகமும் விட்டாங்க. ஆப்பிளுக்குக் குளிர் நேரம் இவ்வளவுன்னு கணக்கு இருக்கு, அது கிடைக்காட்டி பூ ஒழுங்கா வராது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம் இருந்தும் பனிக்காலம் அவ்வளவு நீளம் இல்லை. அதனால் குறைஞ்ச குளிரில் காய்க்கிற ரகமாத்தான் வைக்கணும்.

எங்க வீட்டில் ரெண்டு மரம். பழுக்க விட்டா காட்டெருமை, குரங்கு, அணில்னு வரிசையா வந்துடும், நமக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதனால் காயாவே பறிச்சிடறது. எங்க பாட்டி அதைப் பொடியா நறுக்கி பட்டாணி சுண்டலில் போடுவாங்க. கடற்கரைச் சுண்டலில் மாங்காய் போடற இடத்தில் ஆப்பிள். அடுப்பை அணைச்சுட்டுத்தான் போடணும், நறுக்குனு இருக்கும்.

கொல்லைப்புறம் அக்கா, காட்டெருமை வராத ஊரில் மரம் வெச்சிருக்கீங்க, குடுத்து வெச்சவங்க.

கொல்லைப்புறம் | செப்டம்பர் 7, காலை 9.00

காட்டெருமை இல்லை தம்பி, குளவி இருக்கு. கீழே விழுந்த பழத்துக்குள்ளே உட்கார்ந்திருக்கு, எடுக்கப் போனா கொட்டுது.

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாமி, தொக்கு வருமா? மாங்காய்த் தொக்கு மாதிரி துருவி?

மன்னார்குடி மாமி | செப்டம்பர் 7, காலை 11.25

வரும், பேஷா வரும். ஆனா கையையும் அடுப்பையும் மூடிண்டு நில்லு, மாங்காயைவிடத் தண்ணி ஜாஸ்தி, எரிமலை மாதிரி தெறிக்கும்.

ஒரு கிலோ ஆப்பிளைத் துருவிக்கோ (தோல் வேண்டாம், சுருண்டுண்டு பல்லில் மாட்டும்). அடி கனமான அகலப் பாத்திரம், எவர்சில்வரோ எனாமலோ. இரும்புச் சட்டியில் பண்ணினா கறுத்து இரும்பு வாடை அடிக்கும், வெறும் அலுமினியமும் வேண்டாம், புளிப்பு அதை அரிச்சுடும். நல்லெண்ணெய் 200 மில்லி எடுத்துக்கோ, பாதியைக் காயவெச்சு கடுகு வெடிக்க விட்டு, துருவலைப் போடு. மஞ்சள் தூள், உப்பு 50 கிராம். தட்டை அரைகுறையா மூடி மெதுவா சுண்ட விடு. முதல் பத்து நிமிஷம் கூழ் மாதிரி இருக்கும், கெடுத்துட்டோம்னு தோணும். கெடலை. அரை மணிக்கு மேலே ஆகும், தண்ணி சுண்டினதும் நிறம் மாறி பளபளன்னு வரும். அப்போ காரப்பொடி மூணு டேபிள்ஸ்பூன், மீதி எண்ணெய். கரண்டியால் நடுவில் ஒரு கோடு கிழிச்சா ரெண்டு பக்கமும் சேராம நிக்கணும், ஓரத்தில் எண்ணெய் கக்கணும். அதுதான் பதம். இறக்கி, வறுத்துப் பொடிச்ச வெந்தயம் ஒரு டீஸ்பூன், பெருங்காயம்.

மாங்காய்த் தொக்குக்கு நான் வெல்லம் போட மாட்டேன். இதுக்கும் வேண்டாம். ஆப்பிள் சுண்டச் சுண்ட அதோட இனிப்பே மேலே வந்துடும், நீ வேற போட்டா ஜாம் ஆயிடும்.

குளிர்பெட்டியில் வெச்சுக்கோ. ஈரக்கரண்டி போட்டா நான் பொறுப்பில்லை.

ஞாயிறு சமையல் | செப்டம்பர் 7, மாலை 6.45

நான் ஆம்சூர் பண்றேன், அதாவது மாங்காய்ப் பொடிக்குப் பதிலா ஆப்பிள் பொடி. புளிப்பு ஆப்பிளைத் தோலோட மெல்லிசா, மூணு மில்லிமீட்டர் போல வட்டமா சீவி, உப்புத்தண்ணியில் முக்கி எடுத்து, ஓவன் கம்பித் தட்டில் பரப்பி 65 டிகிரியில் ராத்திரி முழுக்க விட்டுடுவேன். கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி வெச்சா ஈரம் வெளியே போகும். காலையில் வளைச்சா ஒடியணும். ஒடியாம வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்கு, மிக்ஸியில் பிசின் ஆயிடும்.

பொடியை உருளைக்கிழங்கு வறுவல், வெண்டைக்காய், சென்னா மசாலா எல்லாத்துக்கும் தூவறேன். ஒரே குறை, காத்துப் பட்டா கட்டி பிடிக்கும். அதனால் வட்டமாவே வெச்சிருந்து வேணுங்கறப்போ கொஞ்சம் அரைச்சுக்கறேன்.

அதே வட்டத்தை மாங்காய் வத்தல் மாதிரி வத்தக்குழம்பில் போட்டா... வாத்தியார் தோற்கும்னு சொன்னார், நான் தோத்துட்டுத்தான் சொல்றேன், போடாதீங்க.

பச்சமொளகா | செப்டம்பர் 7, இரவு 9.10

சரி, சுண்டல் ஒத்துக்கறேன். தொக்கு அரைமனசா ஒத்துக்கறேன். ஆனா மாங்காய் இடத்தில் ஆப்பிள்ங்கறது வெளிநாட்டுக்குப் போனவங்க சமாளிப்புதானே? இந்தியாவில் யாராவது குழம்பில் ஆப்பிள் போடறாங்களா?

டில்லித் தமிழன் | செப்டம்பர் 7, இரவு 9.55

காஷ்மீரில் போடறாங்க. ஆப்பிளும் கத்தரிக்காயும் சேர்த்து ஒரு கறி, சூன்ட் வாங்கன்னு பேர். சூன்ட் ஆப்பிள், வாங்கன் கத்தரிக்காய். எங்க மாடியில் குடியிருந்த பண்டிட் குடும்பத்தில் சாப்பிட்டிருக்கேன். புளிப்பு ஆப்பிளை விதை நீக்கி தடிமனா நறுக்கி எண்ணெயில் லேசா பொரிச்சு எடுத்துடுவாங்க, கத்தரிக்காயைத் தனியா பொரிப்பாங்க. அப்புறம் காஷ்மீரி மிளகாய்த்தூள், சோம்புப்பொடி, சுக்குப்பொடி கரைச்ச தண்ணியில் ரெண்டையும் அடுக்கி கொஞ்ச நேரம் கொதிக்க விடுவாங்க. வெங்காயம், பூண்டு கிடையாது. பொரிச்சதால் ஆப்பிள் மேலே ஒரு தோல் மாதிரி கட்டிக்கும், சட்டுனு கரையாது. வாத்தியார் சொன்ன துண்டுப் பிரச்சினைக்கு அவங்க என்னைக்கோ வழி கண்டுபிடிச்சுட்டாங்க.

பழைய புத்தகக்காரன் | செப்டம்பர் 7, இரவு 11.30

பச்சமொளகா கேட்டதை வெள்ளைக்காரர்கள் பக்கமிருந்தும் பார்க்கலாம். 1861-ல் லண்டனில் வந்த இசபெல்லா பீட்டனின் குடும்ப நிர்வாக நூலில் ‘வங்காள முறை மாங்காய்ச் சட்னி’ என்று ஒரு குறிப்பு உண்டு. பொருள் பட்டியலில் சர்க்கரை, உப்பு, பூண்டு, வெங்காயம், சுக்குப்பொடி, காய்ந்த மிளகாய், கடுகு, உலர்திராட்சை, இரண்டு பாட்டில் வினிகர் எல்லாம் இருக்கும். மாங்காய் மட்டும் இருக்காது! அந்த இடத்தில் ‘பழுக்காத பெரிய புளிப்பு ஆப்பிள் 30’ என்று போட்டிருக்கும். பேரில் மாங்காய், பானையில் ஆப்பிள். நூற்றறுபது வருஷத்துக்கு மேலாக இதே சமாளிப்பு நடக்கிறது.

நாட்டிங்ஹாம் என்றதும் இன்னொன்று. உங்கள் மரத்தின் பூர்வீகமே உங்கள் மாவட்டம்தான். 1809-ல் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்போர்ட் என்ற சிறுமி போட்ட விதையில் முளைத்த மரம். பின்னால் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக்கடைக்காரர் மேத்யூ பிராம்லி. 1856-ல் நாற்றுப்பண்ணைக்காரர் ஹென்றி மெர்ரிவெதர் ஒட்டுக்குக் கிளை கேட்டபோது, என் பேரை வைத்தால் தருகிறேன் என்றாராம். நட்டவள் பெயர் போச்சு, வீடு வாங்கியவர் பெயர் நின்றது. இன்றைக்கு உலகத்தில் இருக்கிற எல்லா பிராம்லியும் அந்த ஒரே மரத்து ஒட்டுதான், அதனால் பருத்தித்துறை வீட்டுக் காய்க்கும் உங்கள் காய்க்கும் ரகத்தில் வித்தியாசம் கிடையாது.

கொல்லைப்புறம் | செப்டம்பர் 8, காலை 8.20

ஐயோ, சவுத்வெல் இங்கிருந்து அரை மணி நேரம்! அந்தப் பொண்ணை நினைச்சா பாவமா இருக்கு.

வேதியியல் வாத்தியார் | செப்டம்பர் 8, காலை 10.05

கீழே விழுந்ததைப் பொறுக்குகிறீர்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை. அடிபட்டு கன்றிய இடத்தை வெட்டிவிட்டு அன்றைக்கே சமைத்தால் பாதகமில்லை. புழு துளைத்ததும் அப்படியே, துளையைச் சுற்றித் தாராளமாக வெட்டுங்கள். பூஞ்சை பிடித்ததோ அழுகிப் பழுப்பானதோ என்றால் முழுப்பழத்தையும் எறிந்துவிடுங்கள். அழுகல் பூஞ்சையில் பாட்டுலின் என்ற நஞ்சு உண்டாகலாம், கொதிக்கவைத்தாலும் முழுக்கப் போகாது. ஊறுகாய்க்கும் சேமிப்புக்கும் மரத்திலிருந்து கையால் பறித்த, கீறல் இல்லாத காய் மட்டும். அவற்றைச் செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, ஒன்றையொன்று தொடாமல், குளிர்ந்த கேரேஜில் அடுக்கினால் மாதக்கணக்கில் நிற்கும்.

விதையை அரைத்துவிடாதீர்கள். அமிக்டாலின் இருக்கிறது, அரைபட்டால் சயனைடு வெளிவரும். ஒன்றிரண்டு முழு விதை வயிற்றுக்குள் போனால் பயமில்லை. நடுத்தண்டோடு மிக்ஸியில் போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சின்னக்காய் | செப்டம்பர் 8, பிற்பகல் 2.15

எங்க தெருவில் அழகுக்கு வெச்ச கிராப் ஆப்பிள் மரம் இருக்கு. கோலிக்குண்டு அளவு காய். மாவடு மாதிரி உப்பில் ஊறப் போட்டேன், காம்போட, விளக்கெண்ணெய் தடவி, மிளகாய்த்தூள், கடுகுத்தூள், மஞ்சள் தூள் போட்டு தினம் குலுக்கி. மூணு வாரத்தில் சுருங்கி அச்சு அசல் மாவடு. ஊரில் இருந்து வந்த மாமனாருக்குத் தயிர்சாதத்தோட வெச்சேன், ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

மன்னார்குடி மாமி | செப்டம்பர் 8, பிற்பகல் 4.00

மாவடுன்னு சொல்லாதே, சண்டைக்கு வருவேன். மாவடுவோட வாசனை காம்பில் வர்ற பாலில் இருக்கு, அது ஆப்பிளுக்கு ஏது? துவர்க்குமே?

சின்னக்காய் | செப்டம்பர் 8, மாலை 5.10

துவர்க்கும் மாமி, ஒத்துக்கறேன். மூணாவது வாரம் வரைக்கும் துவர்ப்பு, அப்புறம் கொஞ்சம் அடங்குது. பேரை வேணா மாத்திக்கறேன். ஆப்பிள் வடு.

மன்னார்குடி மாமி | செப்டம்பர் 8, மாலை 5.22

அது சரி.

கொல்லைப்புறம் | செப்டம்பர் 15, இரவு 9.40

ஒரு வாரக் கணக்கு சொல்றேன்.

சாம்பார்: மாமி சொன்ன மாதிரியே. பெரியவ ஒண்ணுமே சொல்லாம சாப்பிட்டா, அவ கிட்ட அதுதான் பாராட்டு.

ரசம்: யாரும் சொல்லாமலே நானா பண்ணினேன், பட்டேன். ஆப்பிளை வேகவெச்சு மசிச்சு ரசத்தில் கரைச்சா கொழகொழன்னு கஞ்சி மாதிரி ஆயிடுச்சு. மேலே தெளிவே நிக்கல. ஜாமைக் கெட்டியாக்குமே, அந்த பெக்டின்தான் காரணமா வாத்தியாரே? மறுநாள் துருவிப் பிழிஞ்ச சாறை மட்டும் இறக்கினப்புறம் விட்டேன், பருத்தித்துறை அண்ணா சொதிக்குச் சொன்ன மாதிரி. அது ரசமா இருந்துச்சு.

பச்சடி: இதுதான் எனக்கு எல்லாத்திலும் பிடிச்சது. நாலு ஆப்பிள், கொஞ்சம் தண்ணி, மஞ்சள் தூள், உப்பு. கரைஞ்சதும் அரை கப் வெல்லப்பாகு, கடுகும் காய்ஞ்ச மிளகாயும் தாளிச்சு, வேப்பம்பூ வறுத்துப் போட்டேன். கரையறதுதான் சாம்பாரில் குத்தம், பச்சடியில் அதுதான் வசதி, மசிக்கவே வேண்டாம். சித்திரை ஒண்ணாம் தேதிக்கு இங்கே நல்ல மாங்காய் தேடி அலையறதுண்டு. இந்தத் தடவை தாளிக்காம, வெல்லம் போடாம வெறும் கூழா மூணு டப்பா ஃபிரீசரில் வெச்சிருக்கேன். மேலே ‘பச்சடி, ஏப்ரல்’னு எழுதி ஒட்டியாச்சு.

தொக்கு: நாற்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. முழங்கையில் ரெண்டு இடத்தில் சூடு. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ஒரு சின்ன பாட்டில் குடுத்தேன், சீஸ் வெச்ச பிரெட்டில் தடவி சாப்பிட்டாராம். நேத்து காலையில் காலி பாட்டிலைக் கழுவித் துடைச்சு வாசலில் வெச்சிருந்தார், கூடவே அவர் மரத்து ஆப்பிள் ஒரு பை.

பச்சமொளகா | செப்டம்பர் 15, இரவு 10.05

ஆப்பிள் தீர்க்கத்தானே இந்த இழையே ஆரம்பிச்சீங்க?

பருத்தித்துறை | செப்டம்பர் 15, இரவு 10.30

தங்கச்சி, அந்தத் தாத்தாவின்ர மரம் என்ன ரகம் எண்டு கேட்டியளே? துண்டாய் நிக்கிற ரகம் எண்டால் மீன் குழம்புக்கு வையுங்கோ.

கொல்லைப்புறம் | செப்டம்பர் 16, காலை 7.15

கேட்டேன் அண்ணா. அதுவும் பிராம்லிதான்.